நியூசிலாந்தின் கொடி வாக்கெடுப்பு: சேவை எப்படி இருந்தது?

தேசியக் கொடியை மாற்றுவது குறித்து நியூசிலாந்து அரசு 2015 நவம்பர், டிசம்பரிலும் 2016 மார்ச்சிலும் இரண்டு தபால் வாக்கெடுப்புகளை நடத்தியது. ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம் நியூசிலாந்து டாலர் ஒதுக்கப்பட்ட ஒரு பொதுச்சேவை என்ற அளவில், இரண்டிலும் வாக்களித்தவன் என்ற முறையில் அதை இங்கே மதிப்பிடுகிறேன்.

ஏற்பாட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை. வாக்குச்சீட்டு வீடு தேடி வந்தது; திருப்பி அனுப்பும் உறைக்குத் தபால்தலை தேவைப்படவில்லை; குடியுரிமை பெறாமல் நிரந்தர வசிப்புரிமையோடு இருந்த என்னைப் போன்றவர்களுக்கும் வாக்கு இருந்தது. பிறந்த நாட்டில் கொடியைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை. குடியேறிய நாடு கேட்டது.

குறையெல்லாம் கேள்விகளின் வரிசையில்தான். முதல் சுற்றில் ஐந்து புதிய வடிவங்களைத் தந்து விருப்ப வரிசைப்படி எண்ணிடச் சொன்னார்களே தவிர, பழைய கொடியே போதும் என்பவர் அதைத் தெரிவிக்க அந்தச் சீட்டில் இடம் வைக்கவில்லை. புடவை எடுப்பதா வேண்டாமா என்றே முடிவு செய்யாதவர் முன் ஐந்தை விரித்துப் போட்டு, எந்த நிறம் என்று கேட்பது ஜவுளிக்கடையில் செல்லும். இங்கே அது எரிச்சலைத்தான் வளர்த்தது. வந்த சீட்டுகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு செல்லாதவை.

சரக்கும் பலவகையாக இல்லை. மக்கள் அனுப்பிய 10,292 வடிவங்களிலிருந்து பன்னிருவர் குழு முதலில் 40-ஐயும், பிறகு நான்கையும் தேர்ந்தது. அந்த நான்கில் மூன்று பெரணி இலை, அவற்றிலும் இரண்டு கைல் லாக்வுட் வரைந்து நிறத்தில் மட்டுமே வேறுபட்டவை. இணையத்தில் எழுந்த கோரிக்கைக்குப் பிறகே 'ரெட் பீக்' என்ற வடிவம் ஐந்தாவதாகச் சேர்ந்தது. முதல் விருப்பத்தில் முந்திய சிவப்பு, வெள்ளை, நீல வடிவம், மற்றவற்றின் வாக்குகள் பகிரப்பட்டபின் கறுப்பு, வெள்ளை, நீல வடிவத்திடம் மிகச் சிறிய வித்தியாசத்தில் தோற்றது.

மாற்றத்துக்கான காரணம் நியாயமானதே. பழைய கொடியில் உள்ள யூனியன் ஜாக் என்ற பிரிட்டன் கொடியும் தென் சிலுவை விண்மீன்களும் ஆஸ்திரேலியக் கொடியிலும் உள்ளன. இங்கே நான்கு சிவப்பு, அங்கே ஆறு வெள்ளை என்பதைத் தொலைவிலிருந்து யார் எண்ணுவார்கள்? இரண்டாம் சுற்றில் பழைய கொடியா, முதல் சுற்றில் வென்றதா என்று கேட்டார்கள். அதற்கு முன் ஆக்லாந்து துறைமுகப் பாலத்தின் மேல் அந்த இரு கொடிகளையும் அருகருகே பறக்கவிட்டதுதான் இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி, ஏனெனில் காகிதத்தில் கச்சிதமாகத் தெரிந்த புதிய கொடியில் பெரணியும் விண்மீன்களும் ஒன்றையொன்று நெருக்குவதைக் காற்று காட்டிக்கொடுத்தது. மாற்ற விரும்பிய நானே இறுதியில் பழையதற்கு வாக்களித்தேன், 56.7 விழுக்காட்டினரும் அப்படியே முடிவெடுத்தனர்.

தபால் ஏற்பாட்டுக்கு ஐந்துக்கு ஐந்து, கேள்விக்கு இரண்டு. மீண்டும் நடத்தினால், 'மாற்ற வேண்டாம்' என்ற கட்டம் முதல் சீட்டிலேயே இருக்கட்டும்.