கரி போட்ட ஏமிஸ் ஸ்வாப்: பன்றிக் கிருமியின் வகை பார்க்க அனுப்பலாமா?

பால் மறந்த குட்டிகள் காய்ச்சலோடு மூட்டு வீங்கி நொண்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிளாசர் நோய். அதை உண்டாக்கும் கிளேசெரெல்லா பராசூயிஸ் உடலை விட்டு வெளியே வந்தால் வெகு சீக்கிரம் செத்துப்போகும். திருகோணமலையில் எடுத்த மாதிரி கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை தாண்டிப் பேராதனைப் பக்கம் உள்ள ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர அரைநாள் பிடிக்கும். அந்த அரைநாளைத் தாங்கவைக்க, கரி போட்ட ஏமிஸ் ஸ்வாப் (மாதிரியைத் தொட்டெடுத்துக் குழாய்க்குள் வைத்து அனுப்பும் குச்சி) நல்ல சாமான்.

குழாய்க்குள் இருப்பது கறுப்பு ஜெலி. கிருமிக்கு ஆகாத பொருட்களைக் கரி உறிஞ்சிவிடும். ஜெலியில் சத்து இல்லாததால் மற்றக் கிருமிகள் பெருகி முந்துவதும் குறைவு. 4 பாகை செல்சியஸில் அனுப்புங்கள். ஐஸ் கட்டியில் நேரே படாமல் கடதாசி சுற்றுங்கள், உறைந்தால் வீண்.

குறை ஒன்று உண்டு, பெரிய குறை. அதே கரி பிசிஆரையும் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கிருமியைக் கண்டுபிடிக்கும் சோதனை) தடுக்கும். ஸ்வாப்பிலிருந்து நேரே டிஎன்ஏ எடுத்தால் கிருமி இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம். முதலில் சொக்கலேட் அகாரில் (சூடாக்கிய இரத்தம் கலந்த வளர்ப்பு ஜெலி), 5 சதவீதக் காபனீரொட்சைட்டில், 37 பாகையில் 24 முதல் 48 மணி நேரம் வளர்க்கவேண்டும். பிறகு ஒரு கொலனியை (அகாரில் புள்ளியாக வளர்ந்த கிருமித் திரள்) 100 மைக்ரோலீட்டர் சுத்த நீரில் 10 நிமிடம் கொதிக்கவைத்து, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி, மேல்நீரை எடுத்தால் போதும். நேரடிப் பிசிஆரும் வேண்டுமென்றால் கரியில்லாத ஸ்வாப் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

ஒரே பண்ணையில் பல வகைகள் இருக்கும். ஆகவே நாலைந்து கொலனிகளையாவது வகை பார்க்கச் சொல்லுங்கள். மொத்தம் 15 சீரோவகைகள் (கிருமியின் வெளியுறையை வைத்துப் பிரிக்கும் வகைகள்). பல வகைகளை ஒரே தடவையில் பார்க்கும் வழக்கமான மல்டிபிளெக்ஸ் பிசிஆர் 5ஆம் வகையையும் 12ஆம் வகையையும் பிரிக்காது. அறிக்கையில் வெறும் '5' என்று இருந்தால் எப்படிப் பிரித்தீர்கள் என்று கேளுங்கள். ஒரு வகைக்குப் போட்ட தடுப்பூசி மற்ற வகையை எப்போதும் காப்பதில்லை.

மூக்கில் எடுக்காதீர்கள். நோயில்லாத குட்டியின் மூக்கிலும் இந்தக் கிருமி வாழும்; அதைப் பார்த்துத் தடுப்பூசியைத் தெரிவுசெய்தால் காசு கரியாகும். இதயப் பை, நெஞ்சறை, மூட்டு, மூளைச் சவ்வு இவற்றில், அன்டிபயோட்டிக் ஏற்றுமுன் எடுக்கவேண்டும். பெரிய பன்றிகளும் சேர்ந்து சாகின்றனவென்றால் வெட்டித் திறக்கவே வேண்டாம். 2024இலிருந்து ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாட்டுக்குள் இருக்கிறது. உடனே மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

வாங்கும்போது ஜெலி காய்ந்து வெடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூட்டுக்கு மெல்லிய அலுமினியக் காம்பு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். தடித்த பிளாஸ்டிக் காம்பு குட்டியின் மூட்டுக்குள் சரியாக நுழையாது.