சுண்ணாம்புக்கல் குழியில் ஒன்பது ஆண்டுகள்: டிப்பர், பாதை, பெல்ட்

மதுரைக்குத் தெற்கே, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் காட்டில் உள்ள ஒரு திறந்தவெளிச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், வெட்டிய கல்லை, அதை உடைக்கும் கிரஷருக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பை ஒன்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். திறந்தவெளிச் சுரங்கத்தின் நடைமுறைச் செலவில் பாதி வரைகூடப் போக்குவரத்துக்கே போய்விடும் என்பதால், எந்த வண்டி டீசலைக் குறைவாகக் குடிக்கும் என்பதே தொடக்கத்தில் என் ஒரே கவலையாக இருந்தது. பத்துச் சக்கர டிப்பர்களை மாற்றிப் பார்த்தேன், ஓட்டுநர்களைக் கடிந்தும் பார்த்தேன். இரண்டாவது ஐப்பசி மழையில், லோடு ஏற்றிய வண்டி ஒன்று சரிவுப் பாதையில் பின்னோக்கிச் சறுக்கி, பின்பக்க வில் பட்டைகள் முறிந்து நின்றது. அதை ஓட்டிய மூத்தவர் இறங்கி வந்து, "தம்பி, வண்டிய மாத்திக்கிட்டே இருக்கீங்க, ரோட்டப் பாருங்க" என்றார். அன்றுதான் பாதையைக் குனிந்து பார்த்தேன்.

கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும். மேல்மண் அள்ளும் வண்டிகளின் டயரில் ஒட்டி வந்த அந்த மண்ணே சரிவு முழுவதும் குழம்பாகக் கிடந்தது. கெட்டியான பாதையில் உருளும் வண்டிக்கு அதன் எடையில் 2 சதவீத அளவுக்கு இழுவை தேவைப்படும். டயர் ஒரு சென்டிமீட்டர் புதையும்போதெல்லாம் அது ஏறக்குறைய 0.6 சதவீதம் கூடும். பத்து சென்டிமீட்டர் புதைந்தால் 8 சதவீதம். எங்கள் பாதையின் ஏற்றம் 16-க்கு 1, அதாவது 6.25 சதவீதம். ஆகவே லோடோடு 28 டன் இருக்கும் டிப்பர், நல்ல பாதையில் 2.3 டன் விசையோடு ஏறினால் போதும் என்றிருக்க, சேற்றில் ஏறக்குறைய 4 டன் விசையோடு முக்க வேண்டியிருந்தது. எந்தக் கம்பெனி வண்டியை வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

எனவே கரிசலை முற்றிலும் வழித்தெடுத்துவிட்டு, தரம் குறைந்ததென்று ஒதுக்கிய கல்லையே உடைத்துப் பரப்பி, மேலே கிரஷர் பொடியைத் தூவி, தண்ணீர் விட்டு ரோலரால் அமுக்கினோம். நடுவைச் சற்றே உயர்த்தி, இரு பக்கமும் வாய்க்கால் வெட்டினோம். கல்லுக்குக் காசில்லை, உழைப்புக்குத்தான். டீசல் குறைந்ததைவிட டயர் பிழைத்ததுதான் எனக்குப் பெரிய நிம்மதி. முன்பெல்லாம் நடைக்கு நடை கிளீனர் கடப்பாரையோடு பின்சக்கரத்தருகே உட்கார்ந்து, ஜோடி டயருக்கு நடுவே ஆப்பு போலச் சிக்கிய கல்லை நெம்பி எடுப்பார். எடுக்க மறந்த கல் இரண்டு டயரின் பக்கச் சுவரையும் அறுத்துவிடும், அதன்பின் தேய்ந்த டயருக்குப் புது மேல்ரப்பர் ஒட்டும் ரீட்ரெட் போடவும் வழியில்லை. சிந்திய கல்லை உடனுக்குடன் அள்ளத் தொடங்கிய பிறகு அந்தக் காட்சி அரிதாகிவிட்டது.

ஐந்தாம் ஆண்டில் குழி 45 மீட்டர் ஆழத்தை எட்டியதும் இரண்டு இரும்புத் தாடைகளுக்கு நடுவே கல்லை நசுக்கும் ஜா கிரஷரை அடித்தளத்துக்கு இறக்கி, அங்கிருந்து கன்வேயர் பெல்ட் போட்டோம். 45 மீட்டர் ஏறுவதற்கு டிப்பருக்கு 720 மீட்டர் பாதை வேண்டும். 15 பாகைச் சாய்வில் பெல்ட்டுக்கு 175 மீட்டர் போதும். அதைவிட முக்கியமானது, டிப்பர் ஒவ்வொரு நடையிலும் தன் இரும்பு எடையையும் சேர்த்துச் சுமந்து ஏறுகிறது. பெல்ட்டிலோ ஏறும் பக்கத்தின் எடையை இறங்கும் பக்கமே ஈடுகட்டுவதால், மோட்டார் தூக்குவது கல்லை மட்டும்தான். மேகாலயாவின் சுண்ணாம்புக்கல், எல்லை தாண்டி வங்கதேசத்துச் சிமெண்ட் ஆலைக்கு 17 கிலோமீட்டர் பெல்ட்டிலேயே போகிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியும் பெல்ட்டில்தான் நகர்கிறது.

ஆனாலும் எல்லோரும் பெல்ட் போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். உடைக்காத பாறையை அதில் போட முடியாது. ஓரிடத்தில் கிழிந்தால் மொத்த வேலையும் நிற்கும். கல் வெட்டும் முகம் விலகிப் போனால் கிரஷரையும் பின்னாலேயே நகர்த்த வேண்டும். மழைக்காலத்தில் ஈரக் கரிசல், பெல்ட் காலியாகத் திரும்பும் பக்கத்து ரோலரில் அடையாக அப்பி, காய்ந்து, பெல்ட்டை ஒரு பக்கமாக இழுத்துவிடுகிறது. தலைப்பக்க உருளையில் ரப்பர் ஸ்கிரேப்பர் வைத்து, ஷிஃப்டுக்கு இருமுறை சுரண்டினால்தான் ஓரம் தப்புகிறது. ஒரே திசையில் பல ஆண்டுக்குக் கல் இருப்பது உறுதியானால் மட்டுமே இந்த முதலீடு திரும்ப வரும் என்பது என் கணிப்பு.

பேட்டரி டிப்பர் வாங்கலாமா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் 65 டன் சுமக்கும் மின்சார டிப்பர் ஒன்று, மலைமேலிருந்து லோடோடு இறங்கும்போது பிரேக்கிலிருந்தே பேட்டரியை நிரப்பிக்கொண்டு காலியாக ஏறுகிறது. எங்கள் குழியிலிருந்து மேலே கொண்டுபோவதென்றால் நிலைமை தலைகீழ்: காலியாக இறங்கி, லோடோடு ஏற வேண்டும். அதனால் குழிக்குள் சமதளத்தில் முகத்திலிருந்து கிரஷர் வரை ஓடும் குறுகிய நடைக்கு மட்டும் ஒரு வண்டியை அடுத்த கோடையில் சோதித்துப் பார்க்க முடிவு செய்திருக்கிறேன். அதற்குள் அடித்தளப் பாதைக்கும் கல் பரப்பி முடிக்க வேண்டும்.