ஜெர்மனிக்குப் போன பிள்ளையார் நோன்புப் பெட்டி

வெளிநாட்டுக்குப் பலகாரப் பெட்டி கட்டுவதில் இந்தக் காரைக்குடிக் கடையை மிஞ்ச ஆள் கிடையாது. பலகாரமும் மோசமில்லை. ஆனால் ‘நோன்புச் சாமான்’ என்று தனியாக ஒரு பொட்டலம் விற்கிறார்களே, அதை மட்டும் யாரும் வாங்க வேண்டாம்.

மகனும் மருமகளும் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறார்கள். மருமகளுக்கு எட்டாம் மாதம் என்பதால் இந்தத் தடவை ஊருக்கு வரவில்லை. செட்டிநாட்டு நகரத்தாரான நாங்கள் இருக்கும் பிள்ளையார் நோன்போ கிறிஸ்துமஸ் விடுமுறையில் வந்து விழுந்தது. அங்கே டிசம்பர் 25, 26 இரண்டு நாளும் கடை கண்ணி எல்லாம் அடைத்துவிடுவார்கள். ஊரெல்லாம் அவரவர் குடும்பத்தோடு விருந்து சாப்பிடும் நேரத்தில் இவர்கள் ரொட்டியைக் கடித்துக்கொண்டு இருக்கக்கூடாது என்றுதான் இந்தக் கடைப் படியேறினேன்.

கல்லாவில் இருந்த பெண்ணுக்குத் தொழில் தெரிகிறது. ஜெர்மனி என்றதும் நான் கொண்டுபோன நெய்ப் புட்டியை எடுத்து என் பையிலேயே திரும்ப வைத்துவிட்டாள். “நெய் போகாது ஆச்சி, பெட்டியே சுங்கத்தில் நின்றுவிடும்” என்றாள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து தபாலில் இறைச்சியோ பால் பொருளோ அனுப்பக்கூடாதாம். நோன்புக்கு வைக்கும் ஆவாரம்பூவும் கூடாது, பச்சைப் பூ என்றால் அதற்கென்று தனிச் சான்றிதழ் வேண்டும். அனுப்புநர் இடத்தில் கடைப் பெயரைப் போடாமல் என் பெயரை எழுதச் சொன்னதும் அவள்தான். தனி ஆள் தனி ஆளுக்கு அனுப்பும் அன்பளிப்பு 45 யூரோவுக்குள் இருந்தால் அங்கே இறக்குமதி வரி இல்லை. கடையே அனுப்புவதாக இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. கூரியர் கூலி மட்டும் பலகார விலையைப்போல் இரண்டு மடங்கு ஆயிற்று. அதற்குக் கடையைக் குறை சொல்லிப் பயனில்லை.

கட்டும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கைமுறுக்கைப் படுக்க வைக்காமல், வட்ட டப்பாவில் வளையல் அடுக்குவதுபோல் நெட்டுக்குத்தாக நிறுத்தினார்கள். நோன்புக்கான ஐந்து வகைப் பொரியையும் சின்னச் சின்னப் பைகளில் கட்டி, டப்பாவுக்கும் டப்பாவுக்கும் நடுவில் இருந்த இடுக்குகளில் திணித்தார்கள். சாமானும் போய்ச் சேரும், அணைப்பாகவும் இருக்கும், காகிதத்தைக் கசக்கி அடைக்கும் வேலையும் இல்லை. பெட்டியைத் தூக்கிக் குலுக்கிக் காட்டினாள். உள்ளே ஒன்றும் அசையவில்லை. அங்கே பிரித்தபோது ஒரு தேன்குழல்கூட நொறுங்கவில்லை என்று மகன் படம் அனுப்பினான்.

மாவுருண்டைதான் மாவாகவே போய்ச் சேர்ந்தது. எந்தக் கடையில் வாங்கினாலும் அது அத்தனை தூரம் தாங்காது என்பது என் எண்ணம். அந்த ஊர்க் கடைகளில் ‘பட்டர்ஷ்மால்ட்ஸ்’ என்று உருக்கிய வெண்ணெய் கிடைக்கிறதாம், நம் நெய்தான். மருமகள் அதைச் சூடாக்கி ஊற்றித் திரும்ப உருட்டிவிட்டாள். ருசியைச் சொல்வதென்றால், கைமுறுக்கும் தேன்குழலும் வீட்டுப் பக்குவம். சீப்புச் சீடையில் தேங்காய்ப்பாலைக் குறைத்துவிட்டிருக்கிறார்கள். மனகோலம் என்ற வெல்லப் பாகுப் பலகாரத்தில் தேங்காய்ச் சில்லே இல்லை. நாள்பட இருக்கவேண்டும் என்று விட்டிருப்பார்கள், சரி. ஆனால் விலையையாவது குறைத்திருக்கலாம் அல்லவா?

இனி அந்தப் பொட்டலம். முறுக்கி வைத்த திரி, பச்சரிசி மாவு, வெல்லப் பொடி. திரியைப் பார்த்ததுமே எனக்குக் கோபம் வந்தது. திருக்கார்த்திகைக்கு மறுநாள் தொடங்கிக் கோடி வேட்டியிலிருந்து, அதாவது கட்டாத புது வேட்டியிலிருந்து, நாளுக்கு ஓர் இழையாக உருவிச் சேர்த்து, சஷ்டி திதியும் சதய நட்சத்திரமும் கூடுகிற அன்று 21 இழையையும் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றிச் சுடரோடு விழுங்குவதுதான் பிள்ளையார் நோன்பு. கப்பலில் போன நம் நகரத்தார் நடுக்கடலில் புயலில் சிக்கியபோது, வேட்டி நூலை உருவித்தான் நாள் எண்ணினார்கள் என்று சொல்வார்கள். ஊரைவிட்டுப் போனவர்கள் நாளை எண்ணிய நோன்புக்கு, எண்ணி முடித்த திரியை விற்றால் அப்புறம் நோன்பிருக்க என்ன மிச்சம்? பெட்டியும் திருக்கார்த்திகை கழிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது; அதற்குள் இழை எண்ணத் தொடங்கியிருக்க வேண்டும். நல்ல வேளை, கல்யாணத்துக்குக் கொடுத்ததில் கட்டாத வேட்டி ஒன்று மகனிடம் இருந்தது. கார்த்திகைக்கு மறுநாளே தொடங்கிவிட்டான். கடைத் திரியை எடுக்கவே இல்லை.

திரி ஏற்றிய அந்த மாவுருண்டைக்கும் இழை என்றுதான் பெயர்; அதை வீட்டில் மூத்தவர் கையால் வாங்கிக்கொள்வது வழக்கம். அந்த வீட்டில் மூத்தவன் என் மகனே. அங்கே வீட்டுக்கு வீடு புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்பதால், அந்தக் குளிரிலும் சன்னலை விரியத் திறந்து வைத்துவிட்டு ஏற்றினானாம். மருமகளுக்கு இரண்டு இழை, வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து. “சுடவில்லை ஆத்தா, இனிக்கிறது” என்று அவள் போனில் சொன்னாள். மாவும் வெல்லமும் கடையுடையவை. அந்த அளவுக்கு அவர்களுக்கு நன்றி.

கடைக்காரப் பெண்ணிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன்: திரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கோடி வேட்டியை வை, ஐப்பசி முடிவதற்குள் பெட்டியை அனுப்பு என்று. பார்க்கலாம் ஆச்சி என்றாள். அவள் பார்க்கிறாளோ இல்லையோ, அடுத்த வருடம் வேட்டியை நானே தீபாவளித் துணியோடு அனுப்பிவிடுவேன். முறுக்குக்கும் தேன்குழலுக்கும் மறுபடி இதே கடைதான்.