எச்.எஸ்.ஆர் கோ-வொர்க்கிங்: கிரெச்சுக்கு 5 ஸ்டார், மத்ததுக்கு 3

பல கம்பெனிக்காரங்க வாடகைக்கு டெஸ்க் எடுத்து ஒண்ணா வேலை பாக்குற கோ-வொர்க்கிங் ஆபீஸ் இது, பெங்களூரு எச்.எஸ்.ஆர் லேஅவுட்ல 27வது மெயின் பக்கம் இருக்கு, "பெண் தொழில்முனைவோருக்காக"ன்னு வாசல்லயே பெருசா எழுதி வச்சிருக்காங்க, குறையும் சொல்லப்போறதால பேரு வேணாம். நாலு மாசமா அங்கதான் இருக்கேன். நானும் ஃப்ரெண்டும் சேந்து சின்ன கிளினிக்குகளுக்கு டோக்கன் போடற ஆப் பண்றோம், மொத்த கம்பெனியே ரெண்டு பேர்தான்.

கிரெச்சுக்காகத்தான், அதாவது வேலை நேரத்துல குழந்தைங்கள பாத்துக்குற இடத்துக்காகத்தான், சேந்ததே. 2017ல மகப்பேறு சட்டத்தை திருத்தினதுல இருந்தே 50 பேராவது வேலை பாத்தாதான் ஆபீஸ்ல கிரெச் கட்டாயம், ரெண்டு பேர் கம்பெனிக்கு யாரு வச்சுக் குடுப்பா? பாத்துக்குற அக்கா ஓசூர்க்காரங்க, அவங்க ஊட்டுனா என் பையன் தயிர்சாதம் முழுசா சாப்டுறான், என்கிட்ட ஒரு வாய்க்கு ஓட்டம்.

ஆனா கிரெச் அஞ்சரைக்கு மூடிடும். பணம் போடற இன்வெஸ்டருங்க முன்னாடி நம்ம கம்பெனியைப் பத்தி எடுத்துச் சொல்ற பிட்ச் நைட் ஏழு மணிக்கு! ரெண்டு தடவை பையனை மடியில வச்சுக்கிட்டே உக்காந்தேன். ஒருத்தர் என்கிட்ட "குழந்தை சின்னதா இருக்கே, பாதியில விட்டுட மாட்டீங்களே?"ன்னாரு, எனக்கு முன்னாடி பேசின பையன்கிட்ட "அடுத்த வருஷம் எத்தனை ஊருக்கு போவீங்க?"ன்னு கேட்டவரும் அதே ஆளுதான். நம்ம ஊர் வியாதி மட்டும் இல்ல போல, டெக்க்ரன்ச்ங்கற டெக் செய்தி தளம் நியூயார்க்ல நடத்துற ஸ்டார்ட்அப் போட்டி மேடையில கேட்ட கேள்விகளை அலசி 2017ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஆம்பளைங்ககிட்ட 67% கேள்வி எப்படி வளருவீங்கன்னு, பொம்பளைங்ககிட்ட 66% கேள்வி நஷ்டம் வராம எப்படி பாத்துப்பீங்கன்னு.

ரிசப்ஷன் சுவத்துல கிரண் மஜும்தார் ஷா படம். 1978ல 10,000 ரூபாயை வச்சுக்கிட்டு இதே ஊர்ல வாடகை காரேஜ்ல பயோகான்ங்கற கம்பெனியை ஆரம்பிச்சவங்க, இன்னைக்கு அது பெரிய மருந்து கம்பெனி. நான் இங்க ஒரு டெஸ்க்குக்கே மாசம் 8,500, மேல 18% ஜிஎஸ்டி, கிரெச்சுக்கு தனியா 4,000 அழுவுறேன். காரேஜ் எங்கயாச்சும் காலியா இருந்தா சொல்லுங்கப்பா.

ஜிஎஸ்டி ரெஜிஸ்ட்ரேஷனுக்கு அட்ரஸ் ப்ரூஃபும் என்ஓசியும் (இந்த அட்ரஸை வச்சுக்க ஆட்சேபனை இல்லைங்கற லெட்டர்) ரெண்டே நாள்ல குடுத்துட்டாங்க, அது பெரிய நிம்மதி. வைஃபை ஓகே. மெஷின் காபி சுடுதண்ணி, கீழ தர்ஷினியில (நின்னுக்கிட்டே சாப்டுற சின்ன ஓட்டல்) ஃபில்டர் காபி குடிச்சுக்கோங்க.

பிட்ச் நைட்டை நாலு மணிக்கு வைங்க, இல்ல அன்னைக்காவது கிரெச்சை ஒம்போது வரைக்கும் தொறங்கன்னு மேனேஜர்கிட்ட மூணு தடவை சொல்லிட்டேன், "பாக்கலாம் மேடம்"தான். சேர்றவங்களும் கேளுங்க, தனியா நான் கேட்டா நகர மாட்டேங்குறாங்க. ஒரு நாள் ட்ரையல் ஃப்ரீ, பத்து மணிக்குள்ள போனாதான் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும்.