சென்னிமலைப் போர்வைக் கடையில் கீபாஸ்எக்ஸ்சி

சென்னிமலையில் எங்கள் குடும்பம் நடத்தும் கைத்தறிப் போர்வைக் கடைக்கு ஓர் இணையதளம் உண்டு; அதன் ஹோஸ்டிங் கணக்கை, அதாவது தளத்தின் கோப்புகளை இணையத்தில் வைத்துத் தரும் நிறுவனத்தில் உள்ள கணக்கைக் காக்கும் பொறுப்பு என்னுடையது. அந்த வேலைக்காகவே கடவுச்சொற்களை உருவாக்கிப் பூட்டி வைக்கும் கீபாஸ்எக்ஸ்சி என்னும் இலவச மென்பொருளை இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதற்கு முன் எங்கள் கடவுச்சொல், கடையின் பெயர், ஓர் ‘அட்’ குறி, 1904 என்ற எண் ஆகிய மூன்றும் சேர்ந்ததாக இருந்தது. திருப்பூர் குமரன் இவ்வூரில் பிறந்த ஆண்டு அது; எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாத எண் அன்று. ஆயினும் பெரிய எழுத்தும் எண்ணும் குறியும் இருந்த ஒரே காரணத்தால் ஹோஸ்டிங் நிறுவனத்தின் பதிவுப் பக்கம் அதற்குப் பச்சைக் கோடு காட்டியது. அதே சொல்லை வேறு இரண்டு கணக்குகளுக்கும் வைத்திருந்தோம். ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம், போர்வை பார்க்க வந்தவர்களை எங்கள் தளம் சூதாட்டப் பக்கம் ஒன்றுக்கு அனுப்பத் தொடங்கியது.

ஹோஸ்டிங் கணக்கை மற்றக் கணக்குகளோடு ஒன்றாக எண்ணியதே எங்கள் பிழை. சிபேனல் போன்ற கட்டுப்பாட்டுப் பலகையின் கடவுச்சொல் ஒருவருக்குக் கிடைத்தால், கோப்புகள், தரவுத்தளம், கடையின் மின்னஞ்சல் பெட்டிகள், காப்புப் பிரதிகள் அனைத்தும் ஒருசேர அவர் கைக்குப் போய்விடும். தளத்துக்குக் கோப்புகளை ஏற்றி இறக்க உதவும் முதன்மை எஃப்டிபி கணக்கும் அதே சொல்லில்தான் திறக்கிறது. மின்னஞ்சல் பறிபோனால், பிற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்புகளும் அங்கேதான் வந்து விழும்.

கீபாஸ்எக்ஸ்சியில் உள்ள கடவுச்சொல் உருவாக்கி எனக்கு முழு நிறைவளித்தது. எத்தனை எழுத்து, எவ்வகை எழுத்து என்று குறிப்பிட்டால் அது எந்தப் பொருளும் இல்லாத ஒரு தொடரைத் தருகிறது. நான் 24 எழுத்துகள் வைக்கிறேன், குறிகளைச் சேர்ப்பதில்லை. சில பலகைகள் சில குறிகளை ஏற்க மறுப்பதால், அந்த இழுபறிக்குப் பதிலாக நீளத்தைக் கூட்டிவிடுவதே எளிது. ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகளும் எண்களும் மட்டுமே கொண்ட 24 எழுத்துத் தொடருக்குக் கணக்குப்படி ஏறத்தாழ 143 பிட் வலிமை உண்டு; ஒரு பிட் கூடினால் முயன்று பார்க்க வேண்டிய எண்ணிக்கை இரட்டிப்பாகும். முயன்று பார்த்துக் கண்டுபிடிப்பது நடவாத காரியம். புதிய சொல்லை வைத்தவுடன் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்து பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் நீளமான சொல்லின் வாலைச் சொல்லாமல் வெட்டிவிடும் படிவங்களும் உள்ளன.

இவ்வளவையும் பூட்டி வைக்கும் முதன்மைச் சொல்லை மட்டும் நாமே நினைவில் கொள்ள வேண்டும். நான் அதிக நேரம் செலவிட்டது அதற்குத்தான். மென்பொருளோடு வரும் சொற்பட்டியலில் 7,776 ஆங்கிலச் சொற்கள் உள்ளன. பகடையை ஐந்து முறை உருட்டினால் ஒரு சொல் என்பது அதன் அமைப்பு. ஆறு சொற்களுக்கு 30 உருட்டல். அச்சொற்களில் பாதி எங்கள் வீட்டில் யாருக்கும் மனத்தில் ஒட்டவில்லை. ஆகவே தறி, நாடா, பாவு, ஊடை, சந்தகை, ஒப்புட்டு, அரிசிம்பருப்பு என்று புழங்கும் சொற்களாக 216 எழுதி, மூன்று உருட்டலுக்கு ஒரு சொல்லாகப் பத்துச் சொற்களை எடுத்தேன். இதற்கும் 30 உருட்டல்தான் என்பதால் வலிமை இம்மியும் குறையவில்லை. இரண்டுமே ஏறத்தாழ 77 பிட். பட்டியல் பிறருக்குத் தெரிந்தாலும் கேடில்லை. ஆனால் விழுந்த சொல் பிடிக்கவில்லை என்று மீண்டும் உருட்டக்கூடாது. அங்கே நம் விருப்பம் நுழைந்துவிடுகிறது.

அச்சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தட்டச்சு செய்ய ஆசைப்பட்டுப் பிறகு கைவிட்டேன். ‘கொ’ என்பதன் துணை உருவை ஒரே குறியீடாகவும் பதியலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தாலும் கணினிக்கு அவை வேறு வேறு. கடைக் கணினியில் திறந்த கடவுச்சொல் பெட்டி வேறொரு விசைப்பலகைக்குத் திறக்காமல் போகலாம். ஆங்கில எழுத்துக்கு மாறியபோது ‘தறி’யின் முதல் எழுத்துக்கு ‘எச்’ சேர்ப்பதா வேண்டாமா என்ற வழக்கு எழுந்தது. எப்போதும் சேர்ப்பது என்று முடிவு செய்துகொண்டோம்.

அன்றாடப் பயன்பாட்டில் குறையில்லை. நகலெடுத்த கடவுச்சொல் பத்து விநாடியில் கணினியின் கிளிப்போர்டிலிருந்து அழிந்துவிடுகிறது. கசிந்த சொற்களின் பட்டியலோடு நம் சொற்களை ஒப்பிடும் வசதியும் உண்டு. சொல்லிலிருந்து கணக்கிட்டுப் பெறும் ‘ஹாஷ்’ என்ற குறியீட்டின் முதல் ஐந்து எழுத்துகள் மட்டுமே வெளியே போகின்றன. எங்கள் 1904 அந்தப் பட்டியலில் இருந்தது. கணக்கில் நுழையும்போது கடவுச்சொல்லோடு கூடுதலாகக் கேட்கப்படும், முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் இரண்டாம் அடுக்குக் குறியீட்டையும் இதே பெட்டியில் வைக்கலாம் என்றாலும், பூட்டையும் கொண்டியையும் ஒரே கையில் கொடுப்பதுபோல் எனக்குத் தோன்றுவதால் அதைக் கைபேசியில் தனியே வைத்திருக்கிறேன்.

குறைகள் கோப்பைப் பகிர்வதில் தொடங்குகின்றன. இது இணையத்தில் எதையும் வைப்பதில்லை; எல்லாம் நம் கணினியில் உள்ள ஒரு கோப்பில்தான். இதற்குச் சொந்தக் கைபேசிச் செயலி கிடையாது; ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ் என்ற வேறொரு செயலியால் திறக்கிறேன். நானும் ஈரோட்டுக் கிளையில் இருக்கும் தம்பியும் ஒரே நாளில் திருத்தினால் இரண்டு கோப்புகளாகிவிடும். இணைக்கும் கட்டளை உண்டு, நினைவாக அதைச் செய்ய வேண்டும். ஐந்தாறு பேர் கையாளும் நிறுவனத்துக்கு, இணையம் வழியே பகிரும் பிட்வார்டன் போன்ற கடவுச்சொல் மென்பொருளே பொருந்தும் என்பது என் கருத்து. ஓரிருவர் கவனிக்கும் கடைக்கு இது போதும்.

முதன்மைச் சொல் மறந்தால் மீட்டுத்தர எவரும் இல்லை என்று விளக்கியபோது பெரியப்பா கேட்டார்: “ஏஞ்சாமி, பீரோச் சாவி தொலைஞ்சா ஆளக் கூப்புட்டு ஒடச்சுக்கலாம். இது தொலைஞ்சா என்ன பண்றது?” அன்றே பத்துச் சொற்களையும் தாளில் எழுதி உறையிலிட்டு அவரிடம் கொடுத்தேன். கோப்பின் நகல் உள்ள பென்டிரைவ் வேறொரு வீட்டில் இருக்கிறது.