வெப்பக் காப்பிட்ட புது வீட்டுக்கு எந்த விறகுக் கணப்பு?

ஜெர்மனியில் புது வீடு கட்டுகிறவர்கள் விறகுக் கணப்பு வாங்கப் போனால் கடையில் முதலில் கேட்பது “எத்தனை கிலோவாட்?” என்பதுதான். பழைய வீட்டுக்கு அது சரியான கேள்வி. பாசிவ் ஹவுஸ் (மிகக் குறைந்த வெப்பமே தேவைப்படும் வீடு) தரத்தில் கட்டிய 140 சதுர மீட்டர் வீட்டுக்கோ, கடுங்குளிரிலும் சதுர மீட்டருக்கு 10 வாட் போதும். மொத்தம் 1.4 கிலோவாட், ஒரு ஹேர் டிரையர் இழுக்கும் அளவு. அந்தத் தரத்தை எட்டாத, ஆனால் நன்றாகக் காப்பிட்ட புது வீட்டுக்கு இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு என்று வையுங்கள். அதுவும் முழு வீட்டுக்கு, ஒரு கூடத்துக்கு அல்ல.

விறகின் கணக்கையும் பாருங்கள். காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 4 கிலோவாட் மணி இருக்கிறது. 80 சதவீதத் திறனுள்ள கணப்பில் ஒன்றரைக் கிலோ போட்டால் 4.8 கிலோவாட் மணி கிடைக்கும். முக்கால் மணி நேரத்தில் அது எரிந்து முடிந்தால் சராசரி 6 கிலோவாட்டைத் தாண்டிவிடும், அது வீட்டின் தேவையைவிட அதிகம். ஆகவே நான் எல்லா வகைகளையும் ஒரே கேள்வியால்தான் பிரிக்கிறேன்: உருவாகும் வெப்பத்தை இது எங்கே வைக்கிறது?

சாதாரண இரும்புத் தகட்டுக் கணப்பு எங்கேயும் வைப்பதில்லை, அப்படியே அறைக்குள் கொட்டுகிறது. விலை குறைவு, பார்க்கவும் அழகு. ஆனால் ஒரு மணி நேரத்தில் கூடம் 27, 28 டிகிரிக்குப் போகும், பிறகு ஜன்னலைத் திறக்க வேண்டும். பலர் அப்போது காற்றுத் திறப்பைக் குறுக்கி நெருப்பை மட்டுப்படுத்துவார்கள். அது இதைவிட மோசம். புகை கூடும், கண்ணாடி கறுக்கும், புகைபோக்கியில் தார் படியும். பெரிய கண்ணாடி வைத்த மாடல்களில் தொல்லை இன்னும் அதிகம், ஏனென்றால் கண்ணாடி வழியே வரும் வெப்பத்தைத் தள்ளிப்போட வழியே இல்லை. இரட்டைக் கண்ணாடி கொஞ்சம் உதவும்.

அடுத்தது சேமிப்புக் கல் வைத்தது. இங்கே ஒரு ஏமாற்று உண்டு. வெளியே இரண்டு மூன்று சென்டிமீட்டர் சோப்புக்கல் (மாக்கல்) ஒட்டிவிட்டு ‘வெப்பம் சேமிக்கும்’ என்று விற்பார்கள். அது பெரும்பாலும் அலங்காரம். உள்ளே எத்தனை கிலோ சேமிப்புக் கல் இருக்கிறது, வெளியேறும் புகை அதைச் சுற்றிப் போகிறதா என்று கேளுங்கள். நூறு கிலோவுக்கு மேல் என்றால் பேசலாம். இரண்டு தடவை விறகு போட்டு அணையவிட்டால், இரவு வரை மெதுவான சூடு வரும்.

இதன் முழு வடிவம் கல்லாலேயே கட்டும் கணப்பு. ஃபின்லாந்தின் சோப்புக்கல் கணப்புகளும் ஜெர்மன் குருண்ட்ஓஃபனும் இந்த வகை. எடை ஒரு டன்னைத் தாண்டும். பத்துக் கிலோ விறகை ஒரே மூச்சில், முழுக் காற்றில் எரித்தால் சுமார் 32 கிலோவாட் மணி கல்லில் ஏறும். அதை 16 மணி நேரத்துக்குப் பரப்பினால் 2 கிலோவாட்தான். புது வீட்டுக்கு அளந்து செய்ததுபோல் இருக்கிறது, இல்லையா? ஆனால் காலையில் எரித்துவிட்ட பிறகு மதியம் வெயில் அடித்தால் கல்லை அணைக்க முடியாது. அடித்தளத்தை முன்கூட்டியே திட்டமிட வேண்டும், செலவும் பத்தாயிரம் யூரோவைச் சுலபமாகத் தாண்டும்.

மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை எரிக்கும் பெல்லட் கணப்பு வேறு குணம். 2 கிலோவாட் அளவுக்கு இறங்கக்கூடிய மாடல்கள் உண்டு, தெர்மோஸ்டாட் சொல்வதைக் கேட்கும். ஐரோப்பிய எக்கோடிசைன் விதியும், 2022 ஜனவரி 1 முதல், மூடிய விறகுக் கணப்புக்கு ஒரு கன மீட்டர் புகைக்கு 40 மில்லிகிராம் துகளை அனுமதிக்கும்போது பெல்லட்டுக்கு 20 மட்டும்தான் தருகிறது. குறை என்றால் விசிறிச் சத்தம். தவிர, மின்சாரம் போனால் இதுவும் நின்றுவிடும். கரண்ட் போனாலும் குளிர் காய ஒரு வழி வேண்டும் என்று கணப்பு வாங்குகிறவர்களுக்கு இது பயனில்லை.

தண்ணீர்ச் சட்டை (நெருப்பைச் சுற்றித் தண்ணீர் ஓடும் உறை) வைத்த வகை வெப்பத்தின் பெரும்பங்கைச் சேமிப்புத் தொட்டிக்கு அனுப்புகிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பம்ப், பாதுகாப்பு வால்வு, பெரிய தொட்டி என்று அடுக்கிக்கொண்டே போகும். மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் ஏற்கெனவே இருக்கிற வீட்டில் இந்தச் சிக்கலுக்குப் பெரும்பாலும் காரணமே இல்லை.

எந்த வகை எடுத்தாலும் காற்று விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. காற்றிறுக்கமான வீட்டில், வெளியேறும் காற்றின் வெப்பத்தை மீட்கும் வென்டிலேஷனோ சமையலறை ஹூட்டோ உள்ளே அழுத்தத்தைக் குறைத்தால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் திரும்பும். அறைக் காற்றை உறிஞ்சும் கணப்பு உள்ள வீட்டில் அந்தக் குறைவு 4 பாஸ்கலைத் தாண்டக்கூடாது. அறைக் காற்றைச் சாராதது என்று டி.ஐ.பி.டி. (ஜெர்மன் கட்டடத் தொழில்நுட்பக் கழகம்) அனுமதி பெற்றவற்றுக்கு எல்லை 8 பாஸ்கல். வெளிக்காற்றுக் குழாய் பொருத்தியிருந்தால் மட்டும் இந்த அனுமதி வந்துவிடாது. விற்பவர் இரண்டும் ஒன்று என்றால் சான்றிதழைக் கேளுங்கள். நம் வீடுகளில் மிளகாய் தாளிக்கும்போது ஹூட் முழு வேகத்தில் ஓடும் என்பதை ஜெர்மன் கட்டடக்கலைஞர் யோசித்திருக்க மாட்டார். காற்றை வெளியே தள்ளாமல் கரி வடிகட்டியில் சுற்றும் ஹூட், அல்லது ஜன்னல் திறந்தால்தான் இயங்கும் சுவிட்ச் வைத்த ஹூட், இரண்டில் ஒன்று வேண்டும்.

என் தேர்வு? கட்டி முடித்த வீடு என்றால் டி.ஐ.பி.டி. அனுமதியுள்ள, சிறிய கண்ணாடி வைத்த, உண்மையான சேமிப்புக் கல் கணப்பு. வரைபடம் இன்னும் கையில் இருந்தால் கல்லாலேயே கட்டுவது. மாலையில் ஒரு மணி நேரம் நெருப்பைப் பார்க்க மட்டும் ஆசை என்றால் பெல்லட்டில் அந்த அழகு வராது, சேமிப்புக் கல்லே எடுங்கள்.

அப்புறம், பணம் கொடுக்கும் முன் உங்கள் பகுதி ஷோர்ன்ஷ்டைன்ஃபேகரிடம் (புகைபோக்கி ஆய்வாளர்) வரைபடத்தைக் காட்டிவிடுங்கள். கடைசியில் கையெழுத்துப் போடுவது அவர்தான். 2022 முதல் புதிய வீட்டின் புகைபோக்கி கூரை முகட்டுக்கு அருகே, அதைவிடக் குறைந்தது 40 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்க வேண்டும். கணப்பைக் கூடத்தின் எந்த மூலையில் வைப்பது என்பதைப் பாதி அந்த விதியே முடிவு செய்துவிடும்.