காலேஜ் முடிந்து எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு, நாங்கள் படித்த அரசுப் பள்ளியில் பழைய மாணவர்கள் மூன்று பேரைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மூவரும் 2014-இல் ஒரே வகுப்பில் பிளஸ் டூ முடித்தவர்கள். நான் தனியார் பொறியியல் கல்லூரியில் இ.சி.இ., தினமும் காலேஜ் பஸ். நண்பன் அரசு பொறியியல் கல்லூரியில் சிவில், நாலு வருஷமும் ஹாஸ்டல். மூன்றாவது ஆள் எங்கள் வகுப்பு லீடராக இருந்தவள். பக்கத்து டவுனில் அரசு கலைக் கல்லூரி, பி.எஸ்சி. கணிதம், தமிழ் வழி.

கட் ஆஃப், பிளேஸ்மென்ட், எந்தப் பிரிவுக்கு மவுசு என்று ஆளுக்கொரு தாளில் குறிப்பு எழுதிக்கொண்டு போயிருந்தோம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, “காலேஜ் முடிஞ்சு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நான், “ஆறே முக்கால்” என்றேன். நண்பன், “வரவே மாட்டேன், மாசத்துக்கு ஒரு தடவை” என்றான். லீடர் மட்டும், “கிளாஸ் ஒன்றரைக்கு முடிஞ்சிடும்” என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. எழுதிக்கொண்டு போன தாளை நானும் மடித்து வைத்துவிட்டேன். இந்த மூன்று வழிகளையும் ஒப்பிட அந்தக் கேள்வியை விட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

என் கதையை முதலில் சொல்கிறேன். காலை 6.50-க்கு நாலு ரோட்டில் நிற்க வேண்டும். பஸ் நிற்காது, நிற்பது போல ஒரு பாவனை காட்டும், அதற்குள் ஏறிவிட வேண்டும். போக ஒன்றே முக்கால் மணி நேரம், வர ஒன்றே முக்கால் மணி நேரம். வருஷத்துக்கு 180 நாள் என்று வைத்தாலும் நாலு வருஷத்தில் 2,500 மணி நேரத்துக்கு மேல். பஸ்ஸில் படிக்கலாமே என்பார்கள். முதல் வாரம் நானும் புத்தகத்தைத் திறந்தேன். இரண்டாவது வாரம் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கக் கற்றுக்கொண்டேன். லேப் ரெக்கார்டை மடியில் வைத்து எழுதியதில் கிராஃப் கோடுகள் எல்லாம் ஸ்பீடு பிரேக்கருக்கு ஏற்ப எகிறியிருக்கும். லேப் சார் ஒருநாள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, “இது எந்த ஊர் தாண்டும்போது எழுதினது?” என்று கேட்டார். சரியாகச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு உட்கார்ந்தால் மணி எட்டு. மூன்றாவது செமஸ்டர் கணக்கு, எல்லாரும் எம்-3 என்று சொல்வது, மூன்று முறை எழுதித்தான் பாஸ் ஆனேன். சோம்பேறித்தனமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சந்தேகம் கேட்க ஆளில்லை என்பதுதான் பெரிய காரணம். நாலரைக்கு மணி அடித்தால் நாலே முக்காலுக்குப் பஸ் கிளம்பிவிடும். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் எந்த ஆசிரியரைப் போய்ப் பிடிப்பது? எங்கள் காலத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 விதிமுறை, இன்டர்னலுக்கு 20, செமஸ்டர் தேர்வுக்கு 80. 2021 விதிமுறையில் தியரி பாடங்களுக்கு இன்டர்னல் 40, தேர்வு 60 என்று ஆக்கிவிட்டார்கள். பஸ் பிள்ளைகளுக்கு இது நல்லது. தினமும் வந்து டெஸ்டை ஒழுங்காக எழுதினாலே ஒரு பகுதி கையில் வந்துவிடும்.

பஸ் வழியில் லாபமே இல்லையா என்றால், இருக்கிறது. வீட்டுச் சாப்பாடு. வருகைப்பதிவு பற்றிய கவலை கிடையாது, பஸ் கொண்டு போய்க் கேட்டுக்குள் இறக்கிவிடும். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஆப்டிட்யூட் வகுப்பில் பிடித்து உட்கார வைத்தார்கள், எனக்கு வேலை கிடைத்ததில் அதற்குப் பங்குண்டு. இருந்தாலும் என் கணக்கு ஒன்றுதான். ஒரு வழிக்கு முக்கால் மணிக்கு மேல் ஆகும் கல்லூரியை, கம்ப்யூட்டர் சயின்ஸே கிடைத்தாலும், சாய்ஸ் பட்டியலில் கீழே தள்ளுங்கள். நாங்கள் கிண்டியில் நேரில் கவுன்சலிங் போனவர்கள். திரையில் இடங்கள் குறைவதைப் பார்த்த பதற்றத்தில் எதையோ சொல்லிவிட்டு வந்தோம். 2018-லிருந்து ஆன்லைன். வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பஸ் ரூட்டை விசாரித்துவிட்டே வரிசைப்படுத்தலாம்.

ஹாஸ்டல்காரன் கதை நேர் எதிர். அவனுக்கு நேரம் கொட்டிக் கிடந்தது. முதல் வருஷம் அதைக் கிரிக்கெட்டுக்கும் தூக்கத்துக்கும் கொடுத்தான். 75 சதவீத வருகை இல்லாமல் மருத்துவச் சான்றிதழ் கொடுத்து, கண்டோனேஷன் என்ற வருகைக் குறைவுக் கட்டணம் கட்டி, தப்பித்துத் தேர்வு எழுதினான். மூன்றடி தூரத்தில் கட்டில், எட்டு மணிக்கு முதல் வகுப்பு, எழுப்ப அம்மா இல்லை. இதை அவன் சொன்னபோது பையன்கள் பக்கம் ஒரே குதூகலம். ஹெட்மாஸ்டர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் தேர்வுக்கு முந்தின இரவில் ஹாஸ்டலுக்கு ஈடு கிடையாது. ஒரு யூனிட்டை ஒருவன் படித்து வந்து மற்ற ஐந்து பேருக்கு நடத்துவான். ராத்திரி இரண்டு மணிக்கும் சந்தேகம் கேட்கலாம். அடுத்த அறை சீனியரிடம் பழைய கேள்வித்தாள் கட்டுக்கட்டாக இருக்கும். பொறியியல் மேற்படிப்புக்குக் கேட் தேர்வு என்று ஒன்று இருப்பதும், உதவிப் பொறியாளர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு வைப்பதும் அவனுக்கு அந்த வராந்தாவில்தான் தெரிந்தது. இப்போது அரசுத் துறையில் உதவிப் பொறியாளர். பஸ்ஸில் போன எனக்கு அந்தத் தேர்வுகளின் பெயரே படிப்பு முடித்த பிறகுதான் தெரியும்.

செலவு பற்றி அவன் சொன்னதில் ஒன்று எல்லாரும் குறித்துக்கொள்ள வேண்டியது. அவன் இருந்தது டிவைடிங் மெஸ். மாதச் செலவைக் கூட்டி, சாப்பிட்ட நாட்களுக்கு ஏற்பத் தலைக்குப் பிரிப்பார்கள். ஊருக்குப் போகும் முன், இத்தனை நாள் சாப்பிட மாட்டேன் என்று ‘மெஸ் கட்’ எழுதிக் கொடுக்க மறந்தால், சாப்பிடாத சோற்றுக்கும் காசு. தீபாவளி மாதம் அவன் அப்படித்தான் மாட்டினான். இன்றைய பிள்ளைகளுக்கு வேறொரு கதவு திறந்திருக்கிறது. ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-இல் வந்தது. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தோடு ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. எங்களுக்கு இருந்தது முதல் பட்டதாரிச் சலுகை மட்டும். ‘ஹாஸ்டலுக்குக் காசில்லை, அதனால் பக்கத்தில் ஏதாவது ஒன்று’ என்ற பழைய கணக்கு இன்றைக்குப் பொருந்தாது. வீட்டில் இன்னும் அந்தக் கணக்கைப் போட்டால் உட்கார வைத்து விளக்குங்கள்.

கலைக் கல்லூரி என்றதும் வகுப்பில் பாதிப் பேர் முகம் வாடியது. ‘வேறு எதுவும் கிடைக்காதவர்கள் போகிற இடம்’ என்பதுதான் ஊர்ப் பேச்சு. லீடர் குறைகளை முதலில் சொன்னாள். கௌரவ விரிவுரையாளர்கள் நியமனம் தாமதமாகி ஒரு பாடத்துக்கு ஆறு வாரம் ஆளே வரவில்லை. லேப் என்ற பெயரில் பூட்டிய அறை ஒன்று இருந்தது. எந்த கம்பெனியும் வாசலுக்கு வரவில்லை. விப்ரோ, டி.சி.எஸ். போன்றவை பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களை எடுக்கத் தனித் திட்டங்கள் வைத்திருக்கின்றன, ஆனால் அதை நாமே தேடிப் போய் விண்ணப்பிக்க வேண்டும்.

அப்புறம் ஷிப்ட் கதைக்கு வந்தாள். எங்கள் காலத்தில் இடநெருக்கடியால் அரசுக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் காலை ஒரு ஷிப்ட், மதியம் ஒரு ஷிப்ட் இருந்தது. அவளுக்குக் காலை. ஒன்றரைக்கு மேல் மொத்த நாளும் அவளுடையது. மூன்று வருஷமும் அந்த மதியங்களில் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்தாள். இரண்டாவது முயற்சியில் குரூப் 2ஏ. அவளோடு படித்த ஒருவன் அதே மதியங்களில் ஜாம் தேர்வுக்குத் தயாராகி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர்ந்தான். வேறு சிலர் ஜவுளிக்கடையில் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அந்தச் சம்பளம் வீட்டுக்குத் தேவைப்பட்டது.

தமிழ் வழியில் ஒரு லாபம் இருக்கிறது, அதைப் பள்ளியில் யாரும் சொல்வதில்லை. டி.என்.பி.எஸ்.சி.யில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. 2010-இல் சட்டமானது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பட்டம் கேட்கும் பணி என்றால் முதல் வகுப்பிலிருந்து பட்டம் வரை எல்லாமே தமிழ் வழியாக இருக்க வேண்டும். பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு ஆங்கில வழி பி.இ. சேர்ந்த நாங்கள் இருவரும் குரூப் 2-இல் அந்த உரிமையை இழந்தோம். சேரும்போது எங்களுக்கு இது தெரியவே தெரியாது. அரசு வேலைதான் குறி என்றால், ‘இங்கிலீஷ் மீடியம் எடுத்தால் கௌரவம்’ என்று மாறுவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

யாருக்கு எது என்றால், என் தீர்ப்பு இது. 7.5-இல் அரசு பொறியியல் கல்லூரியும் ஹாஸ்டலும் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள், காலையில் எழுப்ப ஒரு ரூம்மேட்டை மட்டும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அது கிடைக்காவிட்டால், அரைநாள் பி.எஸ்சி. கிடைத்தால் நீண்ட பஸ் பயண பி.இ.யை விட அதுவே மேல். இதில் நண்பனுக்கு உடன்பாடில்லை. “எல்லாரும் உன் லீடர் மாதிரி இருப்பாங்களா? பஸ்ஸாவது இழுத்துட்டுப் போகும்” என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆளில்லாத மதியம் பலரைத் தூங்க வைத்திருக்கிறது.

பேச்சு முடிந்து வெளியே வந்தபோது கடைசி பெஞ்ச் பெண் லீடரிடம் வந்து நின்றாள். கட் ஆஃப் 168. ஹாஸ்டலுக்கு வீட்டில் விடமாட்டார்களாம். கலைக் கல்லூரி பக்கம்தான், ஆனாலும் தயக்கம்.

“ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்தா மாட்டுக்குத் தண்ணி காட்டு, பாத்திரம் கழுவுன்னு சொல்லிடுவாங்க அக்கா. அதுக்குப் பஸ்ஸே பரவாயில்லைன்னு பார்க்கிறேன்.”

லீடர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “கிளாஸ் முடியறதுதான் ஒன்றரைக்கு. எங்க வீட்டுல நாலரைன்னு சொல்லியிருந்தேன். இடையில மூணு மணி நேரம் நூலகம். ஜன்னலோரம் ரெண்டாவது மேஜை, அங்கதான் ஃபேன் ஓடும்.”